மூட்டை கட்டும் முன் கொஞ்சம் பேசலாம்

பொங்கல் முடிந்து பத்து நாள் ஆனால் போதும், இந்தப் பகுதிக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வந்து குவியும். விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கேட்ட அந்த நிமிடத்திலேயே மனத்துக்குள் எழுதி முடிக்கப்பட்டவை அவை. 'பேசாமல் ஊரோடு போய்விடலாமா?' இந்த இதழ் முழுக்க அந்த ஒரு கேள்விதான், பல குரல்களில்.

மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்
வயது 38. வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கி நெல் விவசாயம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மாதம் எவ்வளவு வரும்?

செலவு தாராளமாக வரும். வருமானத்தைக் கணக்குப் போடுவோம்.

சம்பாவில் ஏக்கருக்கு அறுபது கிலோ மூட்டை முப்பது கண்டால் ஊரில் நல்ல கண்டுமுதல் என்பார்கள். அது 18 குவிண்டால். 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலையும் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக, 45,000. உழவு, விதை, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுவடை மெஷின் என்று ஏறக்குறைய முப்பதாயிரம் கழியும். மிச்சம் பதினைந்து. இரண்டு ஏக்கருக்கு முப்பது. நூற்றைம்பது நாள் பயிர் என்பதால் ஐந்தால் வகுத்தால் மாதம் ஆறாயிரம். உங்கள் அபார்ட்மெண்டில் மெயின்டனன்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள்?

இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். மேட்டூரில் தண்ணீர் இருக்க வேண்டும். அதற்குக் குடகில் மழை பெய்ய வேண்டும். தை மாதம் கதிர் முற்றி நிற்கும்போது மழை பெய்யக் கூடாது. பெய்தால் டயர் வண்டி வயலில் இறங்காது. பெல்ட் வண்டிக்குக் காத்திருந்து, கூடுதல் வாடகை கொடுத்து அறுக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். முதலில் வருமானம் வேண்டும்.

நிலம் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வேலையை விடாமல் வாங்குங்கள். டெல்டாவில் நெல் போடும் எத்தனையோ வீடுகளில் ஒரு ஆள் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ உங்கள் ஓ.எம்.ஆரிலோ சம்பளம் வாங்குகிறார். உரக்கடைப் பாக்கி அந்தச் சம்பளத்தில்தான் அடைகிறது.

மூச்சு முட்டுபவர், பெரம்பூர்
கிராமத்தில் காற்றாவது சுத்தமாக இருக்குமா?

பெரும்பாலும். ஆனால் இடம் பார்க்கத் தரகர் அழைக்கும் நேரத்துக்குப் போகாதீர்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பொழுது சாயும் நேரத்தில் போய், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, அந்தப் பக்கத்தில் கோழிப்பண்ணையோ செங்கல் சூளையோ இருக்கிறதா என்று மூக்கால் விசாரியுங்கள்.

ஒரு இல்லத்தரசி, மடிப்பாக்கம்
என் கணவர் இரவு ஒரு மணி வரை 'ஐ.டி. வேலையை உதறிவிட்டு மாடு வளர்க்கும் இளைஞர்' வீடியோக்களைப் பார்க்கிறார். ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார். எனக்கு மனமே இல்லை. நான் சுயநலக்காரியா?

இல்லை. அடுத்த முறை அந்த வீடியோவை ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். பேட்டி கொடுப்பவர் வெள்ளைச் சட்டையோடு வரப்பில் நிற்பார். அவருக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஒரு பெண் குனிந்து சாணி அள்ளிக்கொண்டிருப்பார். உங்கள் கணவர் தன்னை முதல் ஆளாக நினைத்துக்கொள்கிறார். இரண்டாவது ஆள் யார் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் மனம் இல்லை.

அவருக்கு ஊர் என்றால் அரசமரம், டீக்கடை, சேக்காளிகள். உங்களுக்கு அதே ஊர் மாமியார் வீடு. மடிப்பாக்கத்தில் நைட்டியோடு குப்பை கொட்டப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே நீங்கள் மத்தியானம் என்ன குழம்பு வைத்தீர்கள், அதில் உப்பு எப்படி என்பதுவரை தெருமுனைக்குத் தெரியும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல விஷயம். ஆனால் அந்த பஸ் உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை வருகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கணவரைக் கேளுங்கள். முழித்தார் என்றால் அவர் பைக்கை நம்பித் திட்டம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த பைக்கில் உங்களுக்குப் பின்சீட்டு.

ஒரு நிபந்தனை போடுங்கள். ஒரு மாதம், தினமும் நாலரை மணிக்கு எழுந்து ஒரு மாட்டைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, தொழுவம் கழுவட்டும். அதற்கு ஊருக்குப் போக வேண்டாம். மாடு மடிப்பாக்கத்திலேயே, நடுரோட்டில் படுத்திருக்கும்.

நிலம் தேடுபவர், கோயம்புத்தூர்
உடுமலைப் பக்கம் மூன்று ஏக்கர் தோப்பு பார்த்தேன். 'டாக்குமெண்ட் எல்லாம் பக்கா சார்' என்கிறார் தரகர். வேறு என்ன பார்க்க வேண்டும்?

முதலில் தரகரின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள். பதிவானது மட்டுமே அதில் வரும். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டது வராது. கட்டிக்கொடுத்த தங்கைகளின் பங்கு வராது. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த சட்டத் திருத்தங்கள் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று ஆக்கிவிட்டன. 'அவங்களுக்கு நகை போட்டுக் கட்டிக்குடுத்தாச்சுங்க, கேக்க மாட்டாங்க' என்பார் விற்பவர். அத்தனை பேரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடட்டும். நகைக் கணக்கை அங்கே வைத்துப் பேசிக்கொள்ளட்டும்.

பட்டா யார் பேரில், தனிப்பட்டாவா கூட்டுப்பட்டாவா? மூலப்பத்திரம் அசலா ஜெராக்ஸா? ஜெராக்ஸ் என்றால் அசல் எந்த வங்கியில் தூங்குகிறது? கோயில் நிலமா, பூமிதான நிலமா? பஞ்சமி நிலமா என்று கட்டாயம் பாருங்கள். 1892-ல் தொடங்கி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஆங்கிலேய அரசு ஒதுக்கிய நிலம் அது. மற்றவர்கள் வாங்க முடியாது. நடுவில் எத்தனை கை மாறி, எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் முடியாது. மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது வேறொருவர் சாப்பாடு.

பிறகு காகிதத்தில் இல்லாத சமாச்சாரங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு நாலு எல்லையும் நடங்கள். வண்டிப்பாதை இருக்கிறதா? 'பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனுசன், விட்டுடுவாரு' என்பது பாதை ஆகாது. அவர் மகன் எப்படியோ? கிணற்றில் முழுப் பாத்தியமா, நாலில் ஒரு பங்கா? நாலில் ஒன்று என்றால் மோட்டார் போட உங்கள் முறை எந்த நாள்? இலவச மின்சார சர்வீஸ் இருக்கிறது என்பார்கள். யார் பேரில்? தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும், சர்வீஸில் மட்டும் உயிரோடு இருப்பார். போர் எத்தனை அடி, மே மாதத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும்? உங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி என்பதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்களே, நான் சொல்ல வேண்டியதில்லை.

முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். வக்கீல் கட்டணமும். அந்த வக்கீல் தரகருக்கு மச்சானாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசைப்படுபவர், வேளச்சேரி
'பத்து சென்ட் பண்ணை நிலம், சந்தனம், செம்மரம் நாங்களே வளர்த்துத் தருகிறோம், பதினைந்து வருடத்தில் கோடிகள்' என்று ஒரு விளம்பரம். நம்பலாமா?

1990-களில் தேக்கு வளர்த்துத் தருவதாகச் சென்னையில் பணம் திரட்டினார்கள். 1998-ல் கவிழ்ந்தது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு. தேக்கு நகராது, ஈமு பறக்காது. பணம் இரண்டையும் செய்தது. சந்தனம் பட்டா நிலத்தில் வளர்க்கலாம். வெட்டி விற்க வனத்துறையைக் கேட்க வேண்டும். கேட்காமல் வெட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் ராத்திரியில் வருவார்கள்.

இரண்டு வருட அனுபவசாலி, தரமணி
வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். லேப்டாப்போடு போய்விடட்டுமா?

இந்த வாரக் கடிதங்களிலேயே உருப்படியான திட்டம் இதுதான். சம்பளம் நகரத்தில், சாப்பாடு அம்மா கையில்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-லேயே ஸோஹோ அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடியும் வந்துவிட்டார். நீங்கள் அவரை உதாரணம் காட்டுவீர்கள் என்று தெரியும். அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் அதுதான் தலைமை அலுவலகம். உங்களுக்கு 'வரும் திங்கள் முதல் அனைவரும் நேரில் வரவும்' என்று ஒரு மெயில் போதும். அதனால் அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தரமணி அறையைக் காலி செய்தாலும் தரமணி நண்பனைக் காலி செய்யாதீர்கள்.

இன்டர்நெட்டுக்கு இரண்டு கம்பெனி இணைப்பு, நல்ல யு.பி.எஸ். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது சொந்தக்காரர்கள். வீட்டில் இருக்கும் ஆள் வேலை இல்லாத ஆள் என்பது ஊரின் உறுதியான நம்பிக்கை. நீங்கள் அமெரிக்கக்காரரோடு மீட்டிங்கில் இருக்கும்போது பெரியம்மை உள்ளே வந்து, 'சும்மாதானல இருக்க, ரேஷன் கடையில பருப்பு போடுதானாம், ஒரு எட்டு போயிட்டு வந்துரு' என்பார். மியூட்டில் போடப் பழகுங்கள். பெரியம்மையை இல்லை, மைக்கை.

பெயர் வேண்டாம், அம்பத்தூர்
என் அப்பா ஊர்க் காலனியிலிருந்து தப்பித்துச் சென்னைக்கு வந்தவர். டீக்கடையில் தனி டம்ளர் பார்த்தவர். இப்போது அலுவலகத்தில் எல்லோரும் 'நேட்டிவ் போய் செட்டில் ஆகணும்' என்று உருகுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கமே வரவில்லை. என்னிடம் ஏதும் குறையா?

ஒரு குறையும் இல்லை. உங்கள் நண்பர்கள் ஊர் என்று சொல்லும்போது அதற்குள் ஒரு தெருப்பெயர் இருக்கிறது. அதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியல் சாசனத்தை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், அதில் கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டிருப்பது தனக்கு மகிழ்ச்சி என்றார். கிராமத்தைப் பற்றி அவர் அன்று சொன்னவை இனிப்பானவை இல்லை. சபையில் பலருக்குக் கோபம் வந்தது. கிராமத்தைப் புகழ்ந்தவர்களும் அதை நன்றாக அறிந்தவர்கள்தான். எந்தப் பக்கமிருந்து அறிந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நகரத்தில் சாதி இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வீட்டுக்காரர் 'சைவமா அசைவமா' என்று கேட்கும்போது அவர் கேட்பது சாப்பாட்டைப் பற்றி மட்டும் இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் அம்பத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் உங்கள் தாத்தா பெயரைக் கேட்பதில்லை. உங்கள் அப்பா ஓடிவந்தது அந்த சீட்டுக்காக. அதே ஊரில் நிலம் வாங்கி, வீடு கட்டி, தலைநிமிர்ந்து போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வணங்கலாம். அதற்காக எல்லோரும் அதைச் செய்தே தீர வேண்டும் என்று இல்லை. யாராவது 'உங்க நேட்டிவ் எது?' என்று கேட்டால் அம்பத்தூர் என்று சொல்லுங்கள்.

அம்மா, தாம்பரம்
மகள் ஐந்தாம் வகுப்பு. ஊருக்குப் போனால் அவள் படிப்பு என்ன ஆகும்?

சரியான வகுப்பில் கேட்டீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏழாம் வகுப்பில் யோசனை வந்திருந்தால் தாமதம். ஒதுக்கீடு இருந்தாலும் நீட் எழுத வேண்டும், அதையும் மனத்தில் வையுங்கள்.

பள்ளியைப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கணக்கு டீச்சர் இருக்கிறாரா, இல்லை சமூக அறிவியல் டீச்சரே கணக்கும் எடுக்கிறாரா? மேல்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், உயிரியல் பிரிவு உண்டா? மகளுக்கு நீச்சல், சைக்கிள், நாலு பேரிடம் பேசும் தைரியம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்த சைக்கிளை யாராவது பிடுங்கப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓய்வுபெற்றவர், ஆவடி
வயது 64, இருதயத்தில் ஒரு ஸ்டென்ட். அரியலூர்ப் பக்கம் சொந்த ஊர். ஆவடி வீட்டை விற்றுவிட்டு அங்கே நிம்மதியாக இருக்கலாமா?

போகலாம். விற்கத்தான் வேண்டாம்.

இருதயத்துக்குத் தேவை நல்ல காற்று என்பார்கள்; ராத்திரி இரண்டு மணிக்கு அதற்குத் தேவை நல்ல மருத்துவமனை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர் அதில் ஒன்று. உங்கள் ஊரிலிருந்து அங்கே எத்தனை நிமிடம்? அரை மணிக்குள் என்றால், ஆபீஸ் நேரத்தில் ஆவடியிலிருந்து நகரத்துக்குள் வருவதைவிட நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்கள். அங்கே கேத் லேப் உண்டா, இரவில் இருதய மருத்துவர் இருப்பாரா என்பதை மட்டும் நேரில் போய் விசாரியுங்கள். பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. 'காலையில் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் உறவினர்களை அப்போது பக்கத்தில் சேர்க்காதீர்கள். பிரஷர், சுகர் மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும்.

ஆவடி வீடு இருக்கட்டும். வாடகைக்கு விடுங்கள். ஊரில் மனம் ஒட்டாவிட்டால் திரும்பி வர ஒரு கதவு வேண்டும். விற்ற பணத்தை வைத்து இரண்டு வருடம் கழித்து அதே வீட்டின் வரவேற்பறையை வாங்கலாம். தவிர, கையில் ரொக்கத்தோடு ஊருக்குப் போகிறவருக்கு அங்கே திடீரென்று நிறைய மருமகன்கள் முளைப்பார்கள்.

பயந்தாங்கொள்ளி, அண்ணாநகர்
பாம்பு?

இருக்கும். அதன் ஊர் அது. இரவில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் கொசுவலையை நன்றாகச் செருகிக் கட்டுங்கள். கட்டுவிரியன் தூக்கத்தில் கடிக்கும்; வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷம் எடுப்பதற்கென்றே 1978-லிருந்து வடநெம்மேலியில் இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்து எடுத்ததை விட்டுவிட்டு மந்திரித்துக்கொள்ளப் போகாதீர்கள்.

வாரிசு, நங்கநல்லூர்
கும்பகோணம் பக்கத்தில் தாத்தா நிலம் ஆறு மா இருக்கிறது. நாற்பது வருடமாக ஒரு குடும்பம் குத்தகை பார்க்கிறது. நான் ஊருக்குப் போய் விவசாயம் செய்யப்போகிறேன் என்று சொல்லி வாங்கிவிடலாமா?

சொல்லலாம். அவர்கள் காபி கொடுத்துக் கேட்டுக்கொள்வார்கள்.

குத்தகை சாகுபடி செய்பவரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. டெல்டாவில் அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. அதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. வருவாய் நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் மகன் ஓய்வுபெறும் நேரத்தில் தீர்ப்பு வரலாம். பேசித் தீருங்கள்: ஒரு பகுதியை அவர்கள் பேருக்கு எழுதிக்கொடுத்து, மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் நடக்கிறது. பேசப் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். அந்த நிலத்தில் மடை எங்கே அடைக்கும், எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நாளைக்கு நீங்கள் நடவு நட ஆள் தேடி நிற்கப்போவதும் அவர் வீட்டு வாசலில்தான்.

இயற்கை ரசிகை, மயிலாப்பூர்
காலையில் மயில் அகவும் சத்தத்தில் கண்விழிக்க ஆசை.

நிலக்கடலை விதைத்துவிட்டு விழியுங்கள், வேறு மாதிரி கேட்கும். மயில் தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

குளிர்ச்சி விரும்பி, கே.கே.நகர்
கிராமம் வேண்டாம், கொடைக்கானலில் ஒரு சின்ன வீடு போதும்.

2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ். ஏன் என்று யோசித்தீர்களா? உங்களைப் போலவே அத்தனை பேருக்கும் அந்தச் சின்ன வீடு போதுமாக இருந்ததால்தான்.

இளம் தம்பதி, மேடவாக்கம்
2015-ல் வெள்ளம், 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர், 2023-ல் மறுபடி வெள்ளம். சென்னை போதும். எந்தக் கிராமம் பாதுகாப்பு?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது நினைவிருக்கிறதா? பத்து, இருபது வருடம் வளர்த்த மரம் ஒரே ராத்திரியில் போனது. புதுக் கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருடம். சென்னையில் வெள்ளம் வந்தால் சோபா போகும். அங்கே வந்தால் பிழைப்பு போகும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு வேண்டியது கிராமம் என்று எனக்குத் தோன்றவில்லை. சென்னையாக இல்லாத ஓர் இடம், அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். அத்தனை பேரும் சென்னையில் இல்லையே! கோபிசெட்டிபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கும்பகோணம் மாதிரி ஓர் ஊரில் நடந்து போகும் தூரத்தில் காய்கறிச் சந்தை, பத்து நிமிடத்தில் மருத்துவர், கால் மணி நேரத்தில் வயல்வெளி, பக்கத்து வீட்டாருக்கு உங்கள் பெயர் தெரியும், உங்கள் குழம்பு தெரியாது.

இடம் எதையும் வாங்காதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். தை மாதத்தில் குடி போகாதீர்கள், தை மாதத்தில் எல்லா ஊரும் அழகு. சித்திரையில் போங்கள். கத்திரி வெயிலில் கரண்ட் இல்லாத மத்தியானத்திலும், ஐப்பசி அடைமழையில் மூன்றாம் நாளிலும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளாமல் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

புத்தகப் பிரியர், ஈரோடு
நம்மாழ்வாரைப் படித்தேன். அடுத்த மாதமே ராஜினாமா.

அவரை முழுதாகப் படியுங்கள். நம்மாழ்வார் விவசாயப் பட்டதாரி, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர்; அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் விவசாயிகளோடு நடந்தவர். கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி.குமரப்பா கிராமப் பொருளாதாரம் பேசுவதற்கு முன் ஆடிட்டராக இருந்தவர். இரண்டு பேருக்கும் கணக்குத் தெரியும். நீங்கள் இன்னும் ராஜினாமாக் கடிதத்துக்குத்தான் தேதி போட்டிருக்கிறீர்கள்.

பட்டதாரி, மன்னார்குடி அருகே
ஆளாளுக்குக் கிராமத்துக்கு வர ஆசைப்படுகிறார்கள். நான் இங்கிருந்து சென்னைக்குப் போகலாமா என்று கேட்டால் மட்டும் 'ஊரை விட்டுப் போகாதே தம்பி' என்கிறார்கள். என்ன நியாயம்?

ஒரு நியாயமும் இல்லை. அவர்கள் பார்க்க வரும்போது ஊர் ஊராகவே இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் அங்கே நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மன்னை எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பும், காலையில் எழும்பூர். ஏறுங்கள். நாற்பது வயதில் திரும்பி வரத் தோன்றினால் அப்போது எனக்கு எழுதுங்கள்.

புதிதாகக் குடியேறியவர், சிவகங்கை மாவட்டம்
எட்டு மாதம் ஆகிறது. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், 'சார்' என்கிறார்கள். ஆனால் ஒட்டவில்லை. எப்போது என்னை ஊர்க்காரனாக ஏற்றுக்கொள்வார்கள்?

'சார்' நிற்க வேண்டும், அதுதான் முதல் அறிகுறி. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், சாவுக்குப் போகாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். சொல்லிவிட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், மேளச்சத்தம் கேட்டால் துண்டை எடுத்துத் தோளில் போடுங்கள். மொய் எழுதும் இடத்தில் 'வேண்டாம், அன்பளிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று பெருந்தன்மை காட்டாதீர்கள்; நோட்டில் பெயர் ஏற வேண்டும், நாளை அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். டீக்கடையில் ஊராட்சி அரசியல் ஓடும்போது முதல் இரண்டு வருடம் காது மட்டும் போதும்.

கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வருகிறார்களா, வரி கேட்டு வருகிறார்களா என்று கவனியுங்கள். நன்கொடை என்றால் நீங்கள் இன்னும் விருந்தாளி. 'அண்ணே, உங்க தலைக்கட்டு வரி பாக்கி நிக்குது' என்று ஒருநாள் கொஞ்சம் அதட்டலாகக் கேட்பார்கள். உடனே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ரசீது கேட்காதீர்கள்.